‘ஸ்டேபிள்’னா பத்திரம்னு அர்த்தமா? மூணு பேர் சேரும்போது மாறும் கணக்கு

2012 ஜூலை 30, அதிகாலை 2.33 மணி. டெல்லி, பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் என வட இந்தியாவின் மின்கட்டமைப்பு மொத்தமாக விழுந்தது. சுமார் 36,000 மெகாவாட் லோடு அவுட். ரயில்கள் நடுவழியில் நின்றன. பொறியாளர்கள் இடைவிடாமல் வேலை பார்த்து, மாலைக்குள் பெரும்பாலான இடங்களுக்கு கரண்டைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஊரே பெருமூச்சு விட்டது.

மறுநாள் மதியம் 1 மணிக்கு மறுபடியும் விழுந்தது. இந்த முறை வடக்கு மட்டுமில்லை. கிழக்கு, வடகிழக்கு கிரிட்களும் சேர்ந்து. சுமார் 48,000 மெகாவாட். 60 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் பகுதி இருளில் மூழ்கியது.

ரெண்டு நாளும் ஆரம்பப் புள்ளி கிட்டத்தட்ட ஒன்றுதான். மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் பினா – குவாலியர் 400 கிலோவோல்ட் லைன். அதில் ஷார்ட் சர்க்யூட் எதுவும் ஆகவில்லை. லோடு அதிகமாக ஓடியதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்ட பாதுகாப்பு ரிலே, லைனைத் துண்டித்துவிட்டது. பக்கத்து லைன்கள் பலவும் ஏற்கனவே வேலையில் இல்லாத நேரம். அந்த ஒரு லைன் போனதும், மேற்கும் வடக்கும் ஒரே தாளத்தில் சுற்ற முடியாமல் பிரிந்தன. மீதியெல்லாம் சரசரவென்று நடந்து முடிந்தது.

அந்த ரெண்டு நாளும் தென் மாநிலங்களின் கிரிட் விழவில்லை. (அந்த வருஷம் தமிழ்நாட்டில் தினசரி மின்வெட்டு எப்படி இருந்தது என்பது தனிக் கதை.) காரணம் சிம்பிள். தெற்கு, மற்ற கிரிட்களோடு ‘சிங்க்’கில் இல்லை. நடுவில் இருந்தவை உயர் அழுத்த நேர்மின்சார இணைப்புகள். அவற்றின் வழியாக மின்சாரம் போகும், தாளம் போகாது. பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்காத அளவுக்கு நடுவில் ஒரு கனமான சுவர் இருந்த மாதிரி.

அந்தச் சுவர் இப்போது இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தெற்கும் சிங்க்கில் இணைந்தது. ‘ஒரே நாடு, ஒரே கிரிட், ஒரே அதிர்வெண்’ என்று அதைக் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டிய விஷயம்தான். காற்றாலை மின்சாரம் இங்கே மிஞ்சினால் வடக்கே அனுப்பலாம், பற்றாக்குறை வந்தால் அங்கிருந்து வாங்கலாம். அந்தச் சுவரைத் திரும்பக் கட்டச் சொல்வது முட்டாள்தனம்.

ஆனா ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இப்படி எல்லாமும் ஒரே தாளத்தில் ஓடும் ஒரு அமைப்பு பத்திரமாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? சின்னதாகத் தட்டிப் பார்த்து, உடனே பழைய நிலைக்கு வந்துவிட்டால் ‘ஸ்டேபிள்’ என்று எழுதிவிடுகிறோம். அந்தப் பரிசோதனை போதாது என்பதைக் கடந்த சில ஆண்டுகளில் வந்த கணித ஆய்வுகள் ரொம்பத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. மின்சாரத்துக்கு மட்டும் இல்லை, மூளைக்கும் இது பொருந்தும்.

தாளம் எப்படி ஒட்டிக்கொள்கிறது?

திரும்பத் திரும்ப ஒரே சுற்றைச் சுற்றும் எதையும் ‘ஆசிலேட்டர்’ என்கிறார்கள். ஊசல், ஜெனரேட்டர், இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் செல், கண்ணைச் சிமிட்டுவது போல ஒளிவிடும் மின்மினி, எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

1665-ல் டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, ஒரே தாங்கியில் தொங்கிய தன் ரெண்டு ஊசல் கடிகாரங்களைக் கவனித்தார். அவை ஒன்றுக்கொன்று நேர் எதிராக, துளி பிசகாமல் ஆடின. கலைத்துவிட்டாலும் அரை மணி நேரத்தில் திரும்ப அதே ஒழுங்குக்கு வந்தன. தாங்கி வழியாகப் போன மிக நுண்ணிய அசைவுதான் காரணம்.

ஆனைமலை புலிகள் காப்பகத்தில், கோடையில் மின்மினிகள் மரம் மரமாகச் சேர்ந்து ஒளிவிடுவதும் இதே குடும்பம்தான். நாடக அரங்கில் கைதட்டல் திடீரென்று ஒரே லயத்துக்கு வருவதும் அப்படியே. ருமேனியாவிலும் ஹங்கேரியிலும் அரங்குகளில் ஒலிப்பதிவு செய்து, 2000-ல் ஒரு குழு இதை விளக்கியது. மக்கள் தட்டும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டதால்தான் அந்த ஒழுங்கு சாத்தியமானது என்பது அதில் சுவாரசியமான பகுதி.

இதற்கெல்லாம் பொதுவான ஒரு கணக்கை 1975-ல் ஜப்பானிய இயற்பியலாளர் யோஷிகி குராமோட்டோ எழுதினார். ஒவ்வொரு ஆசிலேட்டருக்கும் சொந்த வேகம் ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் மற்றதைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கும். இழுவை குறைவாக இருந்தால் எல்லோரும் தனித்தனியாகத்தான் சுற்றுவார்கள். ஒரு எல்லையைத் தாண்டினால் நடு வேகத்தில் இருப்பவர்கள் முதலில் சேர்வார்கள், பிறகு ஓரத்தில் இருப்பவர்கள். இழுவையைக் கூட்டக் கூட்ட ஒழுங்கும் படிப்படியாகக் கூடும். குறைத்தால் அதே பாதையில் படிப்படியாக இறங்கும். ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்புகிற மாதிரி.

ரொம்ப அழகான கணக்கு. அதில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: எல்லா இழுவையும் ரெண்டு பேருக்கு நடுவில் மட்டும் நடக்கிறது.

கோலாட்டமும் அடுப்புக் கல்லும்

கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கோல் பக்கத்தில் இருப்பவர் கோலைத் தட்டுகிறது. அவர் கோல் அடுத்தவருடையதை. ஐம்பது பேர் ஆடினாலும், நடப்பதெல்லாம் இருவர் இருவராகத்தான். இதைப் புள்ளியும் கோடுமாக வரைந்துவிடலாம்: புள்ளி ஒரு ஆள், கோடு ஒரு ஜோடி. சமூக வலைதளம், மூளை, மின்கட்டமைப்பு என்று எதற்கு நெட்வொர்க் படம் போட்டாலும் இந்த ஸ்டைல்தான்.

இப்போது மூணு கல் அடுப்பு. ரெண்டு கல்லை வைத்தால் பானை நிற்காது. எந்த ரெண்டை எடுத்தாலும் நிற்காது. மூணாவது வந்ததும் நிற்கிறது. இந்த ‘நிற்றல்’ எந்த ஜோடியிலும் இல்லை. மூன்றும் சேர்ந்த இடத்தில் மட்டும் இருக்கிறது. மூணு ஜோடிகளைத் தனித்தனியாக எவ்வளவு ஆராய்ந்தாலும் அது கண்ணில் படாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. கூட்டம் என்பதும் கூட்டு விளைவு என்பதும் ஒன்றில்லை. அரங்கில் ஆயிரம் பேர் கைதட்டுகிறார்கள், ஒவ்வொருவருக்கும் மொத்தச் சத்தமும் கேட்கிறது. ஆனா மொத்தச் சத்தம் என்பது ஆயிரம் தனிச் சத்தங்களின் கூட்டல்தான். அது ஜோடிக் கணக்குக்குள் அடங்கிவிடும். கூட்டல் எங்கே பொய்க்கிறதோ, அங்கேதான் மூவர் கணக்கு தொடங்குகிறது. ஆபீசில் ஒருவர் லஞ்சுக்குக் கூப்பிட்டால் நீங்கள் போவதில்லை. இன்னொருவர் கூப்பிட்டாலும் போவதில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து வந்து நின்றால் எழுந்து போகிறீர்கள். பூஜ்யமும் பூஜ்யமும் கூட்டினால் ஒன்று வராது. வந்திருக்கிறது என்றால் அங்கே வேறு ஏதோ நடக்கிறது.

மூளையில் இதற்கு நேரடியான உதாரணங்கள் உண்டு. ரெண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்திலேயே மூன்றாவது நரம்பணுவின் நுனி வந்து உட்கார்ந்து, அந்த ரெண்டுக்கும் இடையே போகும் சமிக்ஞையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். அதை ‘ஒண்ணும் மூணும்’, ‘ரெண்டும் மூணும்’ என்று பிரித்து எழுதவே முடியாது. நரம்பணுக்களைச் சூழ்ந்திருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவ செல்களும் பல சந்திப்புகளை ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

இன்னொரு உதாரணம் ஆய்வகத்தில் இருந்து. 2019-ல் அமெரிக்காவின் கால்டெக் விஞ்ஞானிகள் எட்டு நானோ ஆசிலேட்டர்களை வளையமாக இணைத்தார்கள். ஒயர் அடுத்த ஆளுக்கு மட்டும்தான். ஆனாலும் வந்த விதவிதமான தாளங்களை விளக்க, நேரடியாக இணைக்கப்படாதவர்களையும் மூவர் மூவராகச் சேர்க்கும் இழுவையையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. அதாவது ஒயரிங் படத்தில் கோடுகள் மட்டும் இருக்கலாம். உள்ளே ஓடும் தாளத்தில் முக்கோணம் முளைத்துவிடும்.

ரெகுலேட்டர் போய் சுவிட்ச் வந்தது

சரி, மூவர் இழுவையைச் சேர்த்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் பெர் செபாஸ்டியன் ஸ்கார்டல், ஸ்பெயினின் அலெக்ஸ் அரீனாஸ் ஆகிய ரெண்டு பேரும் 2019, 2020 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு நேரடியான பதிலைக் கொடுத்தன. ஃபேன் ரெகுலேட்டர் லைட் சுவிட்ச் ஆகிவிடுகிறது.

காரணத்தைப் புரிந்துகொள்ளக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. ஒருவர் உங்களை இழுக்க, அவர் தாளத்தில் இருந்தால் போதும். மூவர் இழுவையில், உங்களை இழுக்கும் ரெண்டு பேரும் ஒரே தாளத்தில் இருக்க வேண்டும். எளிமையான வடிவத்தில் சொன்னால், ஒழுங்கை ஒழுங்காலேயே பெருக்க வேண்டும். கூட்டத்தில் ஒழுங்கு 10 சதவீதம்தான் என்றால், 10-ல் 10 சதவீதம், அதாவது வெறும் 1 சதவீதம். இழுவை இல்லாத மாதிரியே. ஒழுங்கு 90 சதவீதம் என்றால், 81 சதவீதம். பலமான பிடி.

அதனால் கலைந்து கிடக்கும் கூட்டம் கலைந்தே கிடக்கும்; மூவர் இழுவை அதற்குக் கைகொடுக்காது. சேர்ந்துவிட்ட கூட்டமோ இறுகிப் பிடித்துக்கொள்ளும். நடுவில் இருக்க இடமே கிடையாது. ஜோடி இழுவையை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனால் ரொம்ப நேரம் ஒன்றும் நடக்காது, பிறகு ஒரே தாவல். இப்போது குறைத்துக்கொண்டே வாருங்கள். தாவிய இடத்தில் உடைவதில்லை. அதைத் தாண்டி வெகுதூரம் கீழே வந்தபிறகு, திடீரென்று உடைகிறது. ஏறும் வழி வேறு, இறங்கும் வழி வேறு.

இந்த ரெண்டு வழிகளுக்கும் நடுவே இருக்கும் பகுதியில்தான் விஷயமே இருக்கிறது. அங்கே அதே இழுவை, அதே ஆசிலேட்டர்கள், எல்லா அளவீடும் ஒன்றுதான். ஆனா கூட்டம் ஒழுங்காகவும் இருக்கலாம், கலைந்தும் இருக்கலாம். எங்கே இருக்கிறது என்பது எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. டேஷ்போர்டில் தெரியும் எண்களை மட்டும் பார்த்து நிலைமையைச் சொல்லவே முடியாது.

2019 ஆய்வில் ஒரு படி மேலே போனார்கள். மூவர் இழுவை மட்டுமே இருக்கும் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். இழுவை குறைந்தால் அதன் ஒழுங்கு படாரென்று உடைகிறது. ஆனா இழுவையை எவ்வளவு கூட்டினாலும், கலைந்த நிலையில் இருந்து தானாகத் திரும்பிச் சேர்வதில்லை. உடைவதற்குக் கதவு உண்டு, திரும்பி வரக் கதவு இல்லை. ‘பிரச்சினைக்கு முன்னாடி இருந்த செட்டிங்கையே திரும்ப வெச்சாச்சு, ஏன் இன்னும் சரியாகலை?’ என்று யாராவது கேட்டால், இந்தக் கூட்டத்தைக் காட்டலாம்.

கோலிக்குண்டு டெஸ்ட்

இதைவிட முக்கியமான முடிவு 2024-ல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்தது. ஸ்கார்டல் உள்ளிட்ட ஐந்து பேர் எழுதியது. கோலி விளையாடியவர்களுக்கு இது உடனே புரியும்.

தரையில் ஒரு குழி. உள்ளே ஒரு கோலி. குழி ஆழமாக இருந்தால், கோலியை லேசாகச் சுண்டினாலும் டக்கென்று நடுவுக்கு வந்துவிடும். எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை அளந்துதான் பாரம்பரியமாக ‘ஸ்டேபிள்’ என்று முத்திரை குத்துகிறார்கள். ஆனா குழிக்கு இன்னொரு அளவும் உண்டு: வாய் எவ்வளவு அகலம்? வாய் குறுகலாக இருந்தால், கொஞ்சம் பலமாகச் சுண்டியதும் கோலி வெளியே போய்விடும். போனால் திரும்பி வராது.

மூவர் இழுவையைக் கூட்டும்போது, ஒழுங்கான நிலைகளின் குழி ஆழமாகிறது, வாய் சுருங்குகிறது. ரெண்டும் ஒரே நேரத்தில். அந்த ஆய்வின் முடிவு இதுதான்.

இதன் அர்த்தம் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. சின்னத் தட்டு வைத்து டெஸ்ட் செய்பவருக்கு, அமைப்பு முன்னைவிட பலமாகத் தெரியும். ரிப்போர்ட் கார்டில் மார்க் ஏறும். அதே நேரத்தில், பெரிய தட்டு வந்தால் விழும் வாய்ப்பும் ஏறிக்கொண்டிருக்கும். பரிசோதனை சும்மா போதாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. இங்கே அது தலைகீழான பதிலைச் சொல்கிறது.

குழியின் வாயை அளக்க வேண்டும் என்ற யோசனை புதுசும் இல்லை. ஜெர்மனியின் போட்ஸ்டாம் காலநிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2013-லேயே இதற்கு ஒரு எளிய முறையைச் சொல்லிவிட்டார்கள். அமைப்பை ஏதேதோ திசையில், ஏதேதோ பலத்தில், ஆயிரக்கணக்கான முறை கணினியில் தட்டிப் பாருங்கள். எத்தனை முறை திரும்பி வந்தது என்று எண்ணுங்கள். அவ்வளவுதான். அடுத்த ஆண்டே அதை வட ஐரோப்பிய மின்கட்டமைப்பில் போட்டுப் பார்த்தார்கள். முட்டுச்சந்து மாதிரி ஒரே லைனில் தொங்கிக்கொண்டிருக்கும் பகுதிகள்தான் தாங்கும் திறனைக் குலைக்கின்றன என்று தெரிந்தது. அவற்றைச் சில கூடுதல் லைன்களால் இணைத்தாலே நிலைமை தேறும் என்பதும் தெரிந்தது. கோட்பாட்டில் இருந்து நேராக ‘எங்கே லைன் போடணும்’ என்ற பதில்வரை வந்த அபூர்வமான ஆய்வு அது.

ஜோடி ஜோடியாகப் பார்த்தால் எதுவும் தெரியாது

மூளைக்கு வருவோம். ஒரே தாளம் என்றால் நல்லது என்ற எண்ணம் இங்கே அடிபட்டுப் போகும். இதயத்தில் சுமார் 10,000 பேஸ்மேக்கர் செல்கள் ஒன்றாகத் துடிப்பதால்தான் உயிர் ஓடுகிறது. மூளையில் நரம்பணுக்கள் அளவுக்கு மீறி ஒன்றாகத் துடித்தால், அது வலிப்பு. பார்க்கின்சன் நோயில், அசைவைக் கட்டுப்படுத்தும் ஆழப் பகுதியில் விநாடிக்கு 13 முதல் 30 முறை துடிக்கும் தாளம் தேவைக்கு மேல் இறுகிப்போகிறது. அங்கே மின்முனை பொருத்தித் துடிப்பு கொடுக்கும் சிகிச்சை பல ஆண்டுகளாக இருக்கிறது. மூளையின் தாளத்தைக் கேட்டுத் தானே அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கு 2025-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதியும் கொடுத்துவிட்டது.

இந்தத் துறையில் எல்லோருக்கும் பிடித்த படம் ஒன்று உண்டு. மூளையின் பகுதிகளைப் புள்ளிகளாகவும், எந்த ரெண்டு பகுதிகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் கோடுகளாகவும் காட்டும் வண்ணமயமான ‘கனெக்டிவிட்டி’ படம். ஜோடிப் படம்தான்.

அதில் எது விட்டுப்போகும் என்பதற்கு ஒரு விளையாட்டு. ரெண்டு பேர் ஆளுக்கொரு நாணயத்தைச் சுண்டுகிறார்கள். ரெண்டும் ஒரே பக்கம் விழுந்தால், மூன்றாமவர் கையைத் தூக்குவார். இல்லையென்றால் தூக்க மாட்டார். ஆயிரம் முறை நடத்திப் பதிவு செய்யுங்கள். முதல் நாணயத்துக்கும் கைக்கும் தொடர்பு இருக்கிறதா? இல்லை. தலை விழுந்தாலும் பூ விழுந்தாலும் கை பாதி நேரம்தான் மேலே. ரெண்டாவது நாணயத்துக்கும் அப்படியே. நாணயங்களுக்குள்ளும் தொடர்பு இல்லை. ஜோடிப் படம் போட்டால் மூணு புள்ளி இருக்கும், கோடே இருக்காது. ‘இவங்களுக்குள்ள ஒண்ணுமில்லை’ என்று சத்தியம் செய்யலாம். ஆனா ரெண்டு பேரைப் பார்த்தால் மூன்றாமவரை நூற்றுக்கு நூறு சொல்லிவிட முடியும்.

‘உங்கள் மூளையை ஸ்கேன் செய்து கவனத்திறனைச் சொல்கிறோம்’, ‘ஹெட்பேண்ட் போட்டால் ஃபோகஸ் ஸ்கோர் வரும்’ என்று ரீல்ஸில் விளம்பரங்கள் ஓடுகின்றன. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள். ஒற்றை எண்ணாகச் சுருக்கித் தரும் எதையும் வாங்கும்முன், இந்த நாணய விளையாட்டை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது பணத்துக்கு நல்லது.

அப்போ எல்லாத்துக்கும் மூவர் கணக்கா?

இல்லை. இந்தத் துறையில் ஃபேஷனும் கலந்திருக்கிறது. 2020-க்குப் பிறகு ‘உயர்வரிசை ஊடாட்டம்’ என்று தலைப்பில் போடாத ஆய்வே குறைவு என்கிற நிலைமை. பல ஆய்வுகளில் மூவர் இழுவையை விஞ்ஞானிகளே சமன்பாட்டில் கையால் எழுதிச் சேர்க்கிறார்கள். பிறகு அதிசயம் நடந்தது என்கிறார்கள். சேர்த்தது நீங்கள்தானே? நிஜ அமைப்பில் அது இருக்கிறது என்பதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும்.

திடீர்த் தாவலைப் பார்த்ததும் மூவர் இழுவை என்று முடிவு கட்டுவதும் தப்பு. வெறும் ஜோடிக் கணக்கிலேயே, அதிக இணைப்பு உள்ளவருக்குச் சொந்த வேகமும் அதிகம் என்று வைத்தால் இதே மாதிரி வெடிப்பு வரும் என்று 2011-லேயே காட்டியாகிவிட்டது. நாணய விளையாட்டுபோலத் தரவில் மூவர் தொடர்பு தெரிந்தாலும், உள்ளே மூவர் இணைப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. மூவரை எப்படி அடுக்குகிறோம் என்பதும் விடையை மாற்றும். அங்கங்கே மூவரைத் தற்செயலாகச் சேர்த்தால் ஒத்திசைவு கூடுகிறது, ஏற்கனவே ஜோடிகளாக இருப்பவர்களுக்குள்ளேயே சேர்த்தால் குறைகிறது என்று 2023-ல் ஒரு ஆய்வு சொன்னது.

செலவும் இருக்கிறது. 1,000 புள்ளிகள் என்றால் ஜோடிகள் 4,99,500. மூவர் கூட்டணிகள் 16 கோடியே 61 லட்சத்துக்கும் மேல். அத்தனையையும் அளக்க உலகத்தில் டேட்டா கிடையாது. எது முக்கியம் என்று தெரிந்து தேட வேண்டும். இந்தியாவில் இதைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள் என்பது ஆறுதல். ஐஐடி இந்தூரிலும், கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும் இந்தத் தலைப்பிலேயே தொடர்ந்து ஆய்வுகள் வருகின்றன. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் நேரியல் அல்லா இயக்கவியல் மையம் பல ஆண்டுகளாக ஒத்திசைவுக் கணக்கில் பெயர் பெற்றது. எஞ்சினின் எரியறையில் நெருப்பும் ஒலியும் ஒரே தாளத்தில் சிக்கிக்கொள்ளும் ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் ஐஐடி மெட்ராஸில் ஒரு குழு வேலை செய்கிறது.

மின்கட்டமைப்புக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஜெனரேட்டர்களின் அடிப்படைச் சமன்பாடு ஜோடிக் கணக்குதான். 2012-ல் நடந்ததை மூவர் இழுவையின் தலையில் கட்டக் கூடாது. அன்று பிரச்சினை பலவீனமான லைன்களும், தப்பாகப் புரிந்துகொண்ட ரிலேயும், அனுமதியை மீறி மின்சாரம் எடுத்ததும்.

ஆனா ஆழமும் வாயும் வேறு வேறு என்ற பாடம், மூவர் இழுவை இல்லாத இடத்திலும் நிற்கும். ஸ்பெயினைப் பாருங்கள். 2025 ஏப்ரல் 28, மதியம். விழுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் ரெண்டு முறை கிரிட்டில் ஊசலாட்டம் தெரிந்தது. ஆபரேட்டர்கள் உடனே நடவடிக்கை எடுத்தார்கள், ஊசலாட்டம் அடங்கியது. சின்ன ஆட்டம் அடங்கியாச்சு, புத்தகப்படி எல்லாம் ஸ்டேபிள். ஊசலாட்டத்தை அடக்க எடுத்த அதே நடவடிக்கைகள், கூடவே மின்னழுத்தத்தை உயர்த்தும் விளைவையும் கொண்டிருந்தன. 12.33 மணிக்கு மின்னழுத்தம் எகிற, மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்துக்கொண்டன. ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன.

இந்தியா 2030-க்குள் புதைபடிவம் சாராத மின்உற்பத்தித் திறனை 500 கிகாவாட்டுக்குக் கொண்டுபோக இலக்கு வைத்திருக்கிறது. அதில் பெரும்பகுதி சூரிய ஒளியும் காற்றும். அனல்மின் நிலையத்தில் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும் டன் கணக்கான இரும்பு, தாளத்தைத் தன் எடையாலேயே காப்பாற்றும். சோலார் பண்ணையில் அந்த வேலையை இன்வெர்ட்டருக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கான இன்வெர்ட்டர்கள், பல கம்பெனிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புரோகிராம். அவை ஒன்றையொன்று எப்படி இழுக்கும் என்பது இயற்கை விதித்தது இல்லை, யாரோ எழுதிய கோட். அதில் ஜோடி இழுவை மட்டும்தான் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

ஆகவே புதிய மின்நிலையங்களை இணைக்கும்போது நடத்தும் கணினிச் சோதனைகளில், சின்னத் தட்டுக்கு எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்பதோடு நிறுத்தக் கூடாது. எவ்வளவு பெரிய தட்டுவரை திரும்பியது, எத்தனை முறைக்கு எத்தனை முறை என்பதும் இருக்க வேண்டும். அதற்கான முறை 2013-லேயே வந்துவிட்டது, செலவு கணினி நேரம் மட்டும். முடிவுகளைப் பொதுவிலும் வைக்க வேண்டும். மூளைக் கருவிகளை அனுமதிக்கும் அமைப்புகளிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம்: தாளத்தைக் கலைத்தீர்கள் சரி, கருவியை அணைத்தால் எந்த வழியில் திரும்புகிறது?

இந்திய கிரிட்டின் இப்போதைய அதிர்வெண்ணை ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 49.98, 50.01, 50.03 என்று நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் இருந்தால் நார்மல். குழியின் நடுவில் கோலி எங்கே இருக்கிறது என்று அந்த எண் சொல்கிறது. குழியின் வாய் இன்று எவ்வளவு அகலம் என்று சொல்லும் எண் அந்தத் திரையில் இல்லை.